கோபுரம், ரயில் பாலம், சிக்கன் கடை... ஒரு ராக் பேண்டைத் தேடி ஏதென்ஸுக்கு!

அட்லாண்டாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாக்களுக்கு ஒரு சிக்கல் வரும். மீன் காட்சியகம் பார்த்தாயிற்று, கோகோ கோலா மியூசியம் பார்த்தாயிற்று, மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடும் பார்த்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை எங்கே போவது?

கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர். காரில் ஒன்றரை மணி நேரம். ஏதென்ஸ் வந்துவிடும். கிரேக்க நாட்டு ஏதென்ஸ் இல்லை, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ். ஊர் முழுக்க ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர்கள்தான். இங்கே பார்க்க வேண்டியவை என்று நான் சொல்லப்போகும் இடங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். தேவாலயமே இல்லாத ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு பழைய ரெக்கார்டு கடை, ரயில் ஓடாத ரயில் பாலம், ஒரு சிக்கன் கடை. ஆர்.இ.எம். என்ற ராக் இசைக்குழுவின் 31 வருடக் கதை இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

கேபிள் டி.வி. வந்த புதிதில் எம்.டி.வி. பார்த்த மாமாவோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'லூசிங் மை ரிலிஜன்' என்று உடனே சொல்வார். அந்தப் பாட்டைப் பாடியவர்கள்தான்.

முதலில் ரெக்கார்டு கடைக்குப் போவோம். கிளேட்டன் தெருவும் காலேஜ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது 'வக்ஸ்ட்ரி ரெக்கார்ட்ஸ்'. இங்கே வேலை பார்த்தவர் பீட்டர் பக். பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் ஸ்டைப் அடிக்கடி இசைத்தட்டு வாங்க வருவார். பக் தனக்காக எடுத்து வைத்த தட்டுகளையே ஸ்டைப்பும் கேட்க, பேச்சு வளர்ந்தது. மேக்கன் என்ற ஊரிலிருந்து படிக்க வந்திருந்த மைக் மில்ஸும் பில் பெர்ரியும் பிறகு சேர்ந்தார்கள். ஸ்டைப் பாட்டு, பக் கிட்டார், மில்ஸ் பேஸ் கிட்டார், பெர்ரி டிரம்ஸ். பெயர்? அகராதியைப் புரட்டிப் பொறுக்கியது.

அங்கிருந்து ஓகோனி தெருவுக்கு இறங்கினால் அந்தக் கோபுரம். வழிபாடு நின்றுபோன செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் பக்கும் ஸ்டைப்பும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். 1980 ஏப்ரல் 5 அன்று ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்துக்காக நால்வரும் அங்கே வாசித்ததுதான் முதல் கச்சேரி. 1990-ல் தேவாலயத்தை இடித்து, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆக்கிவிட்டார்கள். கோபுரம் மட்டும் தப்பித்தது. ரசிகர்கள் வந்து ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறார்கள்.

நீங்கள் உடனே கிளம்பிவிடாதீர்கள். அருகிலேயே 'நூசீஸ் ஸ்பேஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. இதே பல்கலைக்கழகத்தில் படித்த, இசைக் கலைஞனான தன் மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய், 2000-ல் தொடங்கியது. மன அழுத்தத்தில் இருக்கும் இசைக் கலைஞர்களுக்கு ஆலோசனை கிடைக்க வழிசெய்கிறார்கள். பயிற்சி அறைகளும் உண்டு. அந்தக் கோபுரமே இப்போது இவர்கள் பொறுப்பில்தான். ஏதென்ஸில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் குழுவை 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்பார்கள். பெரிய வானொலிகள் கண்டுகொள்ளாத பாட்டுகளை, மாணவர்களே நடத்தும் கல்லூரி வானொலிகள் ஒலிபரப்பின. அந்த வழியில் வளர்ந்தவர்களில் முக்கியமானவர்கள் இவர்கள். 1981-ல் வந்த முதல் பாட்டு 'ரேடியோ ஃப்ரீ யூரோப்'. வடக்கு கரோலினாவில் மிட்ச் ஈஸ்டர் என்பவர் தன் பெற்றோர் வீட்டு கார் ஷெட்டில் நடத்திய ஸ்டுடியோவில் பதிவானது. ஸ்டைப் என்ன பாடுகிறார் என்றே புரியாது. வரிகளை முழுதாக எழுதி முடிக்காமலே பாடியிருந்தார்!

பிறகு கம்பெனி ஒப்பந்தம் வந்தது. கம்பெனி அனுப்பிய தயாரிப்பாளர், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார். போதாததற்கு, இவர்களைக் கேட்காமலே சின்தசைஸர் ஒலியைச் சேர்த்துவிட்டார். இருபதுகளில் இருந்த பையன்கள் 'எங்களுக்கு மிட்ச் ஈஸ்டரே போதும்' என்று நின்றார்கள். ஈஸ்டரும் டான் டிக்ஸனும் சேர்ந்து பதிவு செய்ததுதான் 1983-ல் வந்த 'மர்மர்'. உலகமே மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பாட்டுகளுக்கு ஆடிக்கொண்டிருந்த அந்த வருடம், ரோலிங் ஸ்டோன் பத்திரிகை விமர்சகர்கள் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது 'மர்மரை'த்தான்.

அந்த ஆல்பத்தின் அட்டையில் நால்வர் முகமும் பெரிதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. முன்பக்கம் குட்ஸு என்ற கொடி மூடிக்கிடக்கும் நிலம். மண் அரிப்பைத் தடுக்கும் என்று 1930-களில் அரசே நடச்சொன்ன ஜப்பான் கொடி அது. பிறகு மரம், வீடு, மின்கம்பம் எதையும் விடாமல் ஏறி மூடிவிட்டது. பின்பக்கம், ஊருக்குள் இருந்த ஒரு மர ரயில் பாலம்.

டட்லி பார்க் பக்கம் போனால் அந்த இடத்தைப் பார்க்கலாம். ரயில் நின்றுபோன பிறகு இடிக்க நாள் குறித்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2000-ல் உள்ளூர் நிர்வாகமே பாலத்தை வாங்கிக்கொண்டது. ஆனால் மழையும் வெயிலும் மரத்தை விடுமா? உளுத்துப்போன சட்டங்களை 2021-ல் அகற்றிவிட்டு, பழைய சாயலிலேயே நடைபாதைப் பாலம் கட்டினார்கள். 'இது அந்தப் பாலமே இல்லை' என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. காலையில் சைக்கிளிலும் நடையிலுமாக ஊர்க்காரர்கள் அதன்மேல் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆல்பம் அட்டைக்காக வேலி போட்டுக் காத்திருந்தால் அது நடந்திருக்காது.

1991-ல் நிலைமை தலைகீழானது. பீட்டர் பக் மாண்டலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். டி.வி. பார்த்துக்கொண்டே அதை மீட்டிப் பதிவு செய்ததில் தற்செயலாகக் கிடைத்த மெட்டுதான் 'லூசிங் மை ரிலிஜன்'. தலைப்பைப் பார்த்து மதம் பற்றிய பாட்டு என்று நினைத்தவர்கள் ஏராளம். அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சுவழக்கில் அதற்குப் 'பொறுமை போய்விட்டது' என்றுதான் அர்த்தம். அதன் வீடியோவை இயக்கியவர் பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். நம் சாமி படங்களின் சாயலை அந்த வீடியோவில் பார்க்கலாம். எம்.டி.வி.யின் அந்த வருடச் சிறந்த வீடியோ விருது அதற்குத்தான்.

இப்போது பசிக்கும். பிராட் தெருவில் டெக்ஸ்டர் வீவர் தொடங்கியது 'வீவர் டி'ஸ்'. வறுத்த சிக்கன், வேகவைத்த கீரை, மாக்கரோனி சீஸ் என்று கறுப்பின மக்களின் வீட்டுச் சமையல். ஆர்டர் சொன்னால் அவர் சொல்லும் பதில் 'ஆட்டோமேட்டிக்!' இதோ ரெடி என்று அர்த்தம். கடைப் பலகையிலும் 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' என்றே எழுதியிருந்தார். உலகம் எதிர்பார்த்துக் கிடந்த 1992 ஆல்பத்துக்கு, கடைக்காரரிடம் நேரில் போய் அனுமதி கேட்டு அந்த வாசகத்தையே பெயராக வைத்தார்கள். 2007-ல் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பின் விருதும் கடைக்குக் கிடைத்தது.

அந்த ஆல்பத்தில்தான் 'எவரிபடி ஹர்ட்ஸ்' இருக்கிறது. பெரும்பகுதி பில் பெர்ரி உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே எளிய வார்த்தைகளில் எழுதினார்கள். முதல் பாட்டில் வார்த்தையே புரியாமல் பாடிய அதே ஸ்டைப், இதில் ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாகப் பாடுகிறார். இங்கிலாந்தில் தற்கொலைத் தடுப்புக்கு உழைக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு தன் விளம்பரத்தில் இதைப் பயன்படுத்தியது. கோபுரத்தருகே அந்தத் தாய் தொடங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, காரில் இந்தப் பாட்டைப் போட்டுப் பாருங்கள்.

பணம், புகழ் எல்லாம் வந்த பிறகும் குழு உடையாததற்கு ஒரு காரணம் உண்டு. பாட்டை யார் எழுதினாலும் நால்வர் பெயரும் போடுவார்கள், வருமானம் நாலு சமபங்கு. ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த விஷயம் கிடையாது. 1995-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையிலேயே மூளை ரத்தக்குழாய் வீக்கத்தால் பெர்ரி சரிந்தார். பிழைத்து வந்து அந்தச் சுற்றுப்பயணத்தையும் முடித்தார். அந்தப் பயணத்தின்போதே, மேடை ஒத்திகைகளிலும் பதிவு செய்த 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' என் விருப்ப ஆல்பம். 1997-ல் விலகினார். 'நான் போனால் குழு கலைந்துவிடும் என்றால் போகமாட்டேன்' என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. பிறகு ஏதென்ஸ் பக்கத்திலேயே விவசாயத்துக்குப் போய்விட்டார்.

மற்ற மூவரும் 2011 வரை தொடர்ந்தார்கள். மொத்தம் 15 ஸ்டுடியோ ஆல்பங்கள். கடைசி ஐந்தில் எல்லாமே சுகம் என்று சொல்லமாட்டேன். 2004-ல் வந்த 'அரவுண்ட் தி சன்' அவர்களுக்கே பிடிக்காமல்போன ஆல்பம். 2011 செப்டம்பரில் சண்டை, வழக்கு எதுவும் இல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். பணத்துக்காக மீண்டும் சேர்ந்து ஊர் சுற்றவும் இல்லை.

ராத்திரி தங்குகிறவர்கள் வாஷிங்டன் தெருவில் உள்ள '40 வாட் கிளப்'புக்குப் போகலாம். ஆரம்பத்தில் ஒரே ஒரு 40 வாட் பல்பு வெளிச்சத்தில் நடந்ததால் அந்தப் பெயர். 2025 பிப்ரவரியில் நடிகர் மைக்கேல் ஷானனும் ஜேசன் நார்டூசியும் தங்கள் குழுவோடு ஆர்.இ.எம். பாட்டுகளை அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் அதைக் கேட்கத்தான் வந்தார்கள். நிஜமான நால்வரும் மேடையேறி, 'பிரெட்டி பர்சுவேஷன்' என்ற ஒரு பாட்டை வாசித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.