1926-ஆம் ஆண்டு ஹாலோவீனுக்கு வாருங்கள்

பழைய பாணியில் வீட்டில் ஹாலோவீன் விருந்து வைக்கப் போவதாக யாராவது யோசனை கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது, ‘எந்த ஆண்டு?’ என்பதைத்தான். பொதுவாக ‘பழசு’ என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டிவிடுவார். பிளாஸ்டிக் மண்டையோடு, ரத்தம் சொட்டும் கை, கூடவே ஒப்புக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1912 என்று முடிவெடுத்தால் கதை வேறு. அது வாழ்த்து அட்டைகளின் காலம். எலன் கிளாப்சாடில் வரைந்த, கன்னம் உப்பிய குழந்தைகளின் காலம். 1938 என்றால் அந்த அக்டோபர் 30 இரவில் ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகத்தைச் சுற்றியே முழு விருந்தையும் அமைத்துவிடலாம். எனக்குப் பிடித்த ஆண்டு 1926. டிராகுலாவுக்கும் தட்டைத்தலை ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்துக்கும் அங்கே அனுமதி இல்லை. இன்று நாம் அறிந்த கோலத்தில் அவை திரைக்கு வந்தது 1931-இல்தான். இரண்டையும் வெளியே நிறுத்தியதுமே வீட்டில் பாதி குப்பை குறைந்துவிடும்.

1926 என்றால் காகிதம். நான் வசிக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் டென்னிசன் என்ற காகித நிறுவனம் இருந்தது. பின்னாளில் 1990-இல் ஏவரியோடு இணைந்ததும் இதே டென்னிசன்தான். ஏவரி டென்னிசன் என்ற பெயரை அலுவலக ஸ்டிக்கர்களில் பார்த்திருப்பீர்கள். அன்று அவர்கள் விற்றது கிரேப் பேப்பர். அதை எப்படியெல்லாம் செலவழிக்கலாம் என்று மக்களுக்குக் கற்றுக்கொடுக்க 1909-இல் ‘போகி புக்’ என்ற சிறு கையேட்டை வெளியிட்டார்கள். 1930-கள் வரை அது வந்துகொண்டிருந்தது. பார்க்கப்போனால் விளம்பரப் புத்தகம். ஆனால் மேசை அலங்காரம், உடை, விளையாட்டு, பலகாரம் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கும் அதைப்போல ஒரு நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைத்ததில்லை. சில ஆண்டுகளின் கையேடுகள் மறுபதிப்பாகவும் கிடைக்கின்றன.

கிரேப் பேப்பருக்கு ஒரு திசை உண்டு. சுருக்கங்கள் ஓடும் வாக்கில் இழுத்தால் கிழியும். அவற்றுக்குக் குறுக்கே இழுத்தால் நீளும். இது விரலுக்குப் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். கட்டைப் பிரிக்காமலே ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்துக்கு நறுக்குங்கள். இரண்டு ஓரங்களிலும் கத்தரியால் சன்னமாகக் குஞ்சம் வெட்டி, முறுக்கித் தொங்கவிட்டால் தோரணம் ஆயிற்று. ஓரத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்து எதிரெதிராக இழுத்தால் அலை அலையாகக் கொசுவம் விழும். தொப்பிக்கும் கழுத்துப் பட்டைக்கும் அதுவே போதும். மலிவுக் கடைகளில் சுருளாகக் கிடைக்கும் காகிதம் அவ்வளவாக நீளாது. பூ செய்பவர்கள் வாங்கும் கனமான இத்தாலியக் காகிதத்தை வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. இன்றைய ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்தும். அதைச் சில நாட்கள் ஜன்னல் வெயிலில் போட்டு வைத்தால் சாயம் வெளுத்து நூறு வயது ஏறிவிடும். ஈரம் மட்டும் ஆகாது. வியர்வை பட்டால்கூடச் சாயம் இறங்கும் என்பதால், உடலில் படும் எதற்கும் உள்ளே ஒரு பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடுவேன்.

வெட்டு அட்டை உருவங்களுக்கு பென்சில்வேனியாவின் ஷிப்பென்ஸ்பர்க்கில் இருக்கும் பீஸ்டில் நிறுவனம். 1900-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. கை கால் மூட்டுகள் அசையும் எலும்புக்கூடும், விரித்தால் தேன்கூடு போல மலரும் மெல்லிய காகிதப் பரங்கிக்காயும் அவர்களின் அடையாளம். பழைய வடிவங்களை அவர்களே மறுபடி அச்சிட்டு விற்கிறார்கள். அசல் பழம்பொருளை ஏலத்தில் எடுத்து விருந்தில் மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விருந்தினர் கைபடக் கூடாத அலங்காரம் விருந்துக்கு எதற்கு? அந்தக் காலத்து முகங்களைக் கவனித்துப் பாருங்கள்: நிலா சிரிக்கும், பூனை முதுகை வளைத்துக்கொண்டு முறைக்கும், சூனியக்காரி குறும்பாகக் கண்ணடிப்பாள். பயமுறுத்த வேண்டும் என்று யாருக்கும் பெரிய வெறி இல்லை.

வெளிச்சத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அறையில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு எரிந்தாலும் 1926 கலைந்துவிடும். அன்றைய வீடுகளில் விளக்கின்மேல் ஆரஞ்சுக் காகிதத்தில் கூடு செய்து மாட்டினார்கள். சூடேறும் பல்புக்கு அது அபாயம். சூடேறாத சிறிய எல்இடி விளக்கு வந்தபிறகு, பல்பைத் தொடாதபடி சற்று விலக்கி, அதே கூட்டை அச்சமில்லாமல் மாட்ட முடிகிறது. வாங்கும்போது 2,000 கெல்வினை ஒட்டிய விளக்காகப் பார்த்து வாங்குங்கள். நிஜச் சுடரை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு என் விதி: காகிதம் இருக்கும் அறையில் சுடர் கிடையாது, சுடர் இருக்கும் அறையில் காகிதம் கிடையாது. எங்கள் வீட்டில் சுடருக்கு வாசல்தான் இடம். 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31-இல் வந்ததால் அகல் விளக்குகளின் வரிசையிலேயே பரங்கிக்காய் விளக்கும் உட்கார்ந்திருந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் இந்த விளக்கைச் செய்துவந்தார்கள். அமெரிக்காவில் அந்த இடத்தைப் பரங்கிக்காய் எடுத்துக்கொண்டது. ஒரு டர்னிப்பைக் குடைந்து பார்த்தால் ஏன் என்று மணிக்கட்டுக்குப் புரியும். இன்னொரு வழக்கமும் இருந்தது. தட்டில் சாராயத்தையும் உப்பையும் கலந்து கொளுத்துவார்கள். உப்பிலுள்ள சோடியத்தின் மஞ்சள் ஒளி மற்ற நிறங்களையெல்லாம் விழுங்கிவிட, சுற்றி இருப்பவர்களின் உதடு சாம்பல் நிறமாகி எல்லோரும் பிணம்போலத் தெரிவார்கள். அருமையான யோசனைதான். ஆனாலும் வீட்டுக்குள் செய்யாதீர்கள்.

இவ்வளவும் மேடை. நாடகம் விளையாட்டில் இருக்கிறது. அலங்காரத்துக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள்கூட விருந்தினரைக் கையில் கோப்பையோடு நிற்கவைத்துவிடுகிறார்கள். அப்போது அது நல்ல பின்னணி போட்ட சாதாரண விருந்தாகிவிடுகிறது. அந்த இரவு முக்கியமாக ‘எனக்கு யார் வாய்ப்பார்?’ என்று குறி பார்க்கும் இரவாக இருந்தது. ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் எழுதிய ‘ஹாலோவீன்’ கவிதையில் இந்தக் குறி விளையாட்டுகள் வரிசையாக வருகின்றன. மூன்று கிண்ணங்கள்: ஒன்றில் தெளிந்த நீர், ஒன்றில் கலங்கல், ஒன்று காலி. கண்ணைக் கட்டிக்கொண்டு இடக்கையை நுழைக்க வேண்டும். தெளிந்த நீர் கன்னிப்பெண், கலங்கல் கைம்பெண், காலி என்றால் கல்யாணமே இல்லை. இந்தப் பலன்களை நான் அப்படியே சொல்வதில்லை. வீடு மாறுதல், வேலை மாறுதல், ஒன்றும் மாறாமை என்று வைத்துக்கொண்டால் கல்யாணமாகிப் பேரன் எடுத்தவர்களும் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஆப்பிள் தோல். அறுபடாமல் ஒரே நீளமாகச் சீவி, தோளுக்கு மேலாகப் பின்னால் எறிய வேண்டும். விழும் கோலத்தில் வருங்காலத் துணையின் பெயரின் முதல் எழுத்து தெரியுமாம். கெட்டித் தோல் ஆப்பிளும் சின்னக் கத்தியும் வேண்டும். விரல் அகலத்துக்குக் குறைந்தால் பாதியில் அறுந்துவிடும். சுருண்டு விழும் தோல் ஆங்கில எஸ், சி இரண்டையும் தாண்டுவது அபூர்வம். தமிழ் நண்பர்கள் வந்த இரவுகளில் ‘ஞ’, ‘ஒ’ எல்லாம் தாராளமாகக் கிடைத்தன. ‘ஞ’வில் தொடங்கும் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வுவதை நான் விட்டுவிட்டேன், ஒரே தண்ணீரில் பத்து வாய்களை இன்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நிலைப்படியில் நூல் கட்டி டோனட்டைத் தொங்கவிட்டுக் கைபடாமல் தின்னச் சொல்வது அதைவிடச் சிரிப்பு.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆப்பிள் சைடர், இஞ்சி கேக், கொட்டைகள், பரங்கிக்காய் பை. சோளப்பொரி உருண்டையை மட்டும் கடையில் வாங்காதீர்கள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்த கைக்கு இது புதிதல்ல: பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டியாகத் திரள வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 121 டிகிரி செல்சியஸிலிருந்து 127 வரை. கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். பாட்டுக்கு 1926-க்கு முந்திய இசைத்தட்டுகளின் பதிவுகள், பேச்சை அமுக்காத சத்தத்தில்.

அந்த ஆண்டில் வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்கும் வழக்கம் பரவியிருக்கவில்லை. 1930-களில்தான் பரவத் தொடங்கியது. ஆனால் உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது, மணியை அடிப்பார்கள். அவர்களுக்கு உருண்டையைக் கொடுக்காதீர்கள், கட்டுப் பிரிக்காத பண்டம் தவிர வேறெதையும் பெற்றோர் தின்னவிட மாட்டார்கள். உறையிட்ட சாக்லேட்டை வாசலில் வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து ஓட, கண்ணைக் கட்டிய விருந்தாளி கலங்கல் தண்ணீரில் கையை விட்டபடி பலனுக்காகக் காத்திருப்பார்.