பாம்புக்கு யார் கணக்கு எழுதுவது?

பி.காம். படிக்கிறவனுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தது கணக்குப் புத்தகம்தான். ஆனால் இந்த விஷயத்தில் அதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது... முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

குட்டைவால் மலைப்பாம்பு என்று ஒன்று இருக்கிறது. தென்கிழக்கு ஆசிய ஆசாமி. ஐந்தாறு அடி நீளம்தான், ஆனால் உடம்பு செம தடிமன். வால் மட்டும் சட்டென்று முடிந்துவிடும். மேற்கு சுமத்ராவில் கறுப்பாக ஒன்று, கிழக்கு சுமத்ராவிலும் மலாய் தீபகற்பத்திலும் சிவப்பாக ஒன்று, போர்னியோவில் பழுப்பாக ஒன்று. வெகுகாலம் மூன்றையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். 2001இல் வந்த மரபணு ஆய்வு மூன்றும் தனித்தனி என்றது. வேடிக்கை என்னவென்றால், மேற்கு சுமத்ரா பாம்புக்கு நெருங்கிய சொந்தம் அதே தீவின் கிழக்கில் இல்லை, கடல் தாண்டி போர்னியோவில் இருக்கிறது!

இதற்கு இரண்டு சந்தை. ஒன்று தோல் சந்தை. பை, பெல்ட், செருப்பு. அங்கே தோலின் அகலத்துக்குத்தான் காசு, எந்த ஊர்ப் பாம்பு என்று யாரும் கேட்பதில்லை. இன்னொன்று ஆசைக்கு வளர்ப்பவர்களின் சந்தை. அங்கே ஊர்ப்பெயர்தான் சரக்கு. 'பாங்கா தீவுச் சிவப்பு', 'சரவாக்' என்று பெயர் ஒட்டிக்கொண்டால் மவுசே வேறு. நம்ம காஞ்சிபுரம் பட்டு மாதிரி.

பட்டுக்கு ஜரிகையை உரசிப் பார்க்கலாம், புவிசார் குறியீடு இருக்கிறது. பாம்புக்கு? ஒரு பாங்கா பாம்பையும் மலேசியப் பாம்பையும் யாரோ ஒருத்தர் இணை சேர்த்துவிட்டால் குட்டி அழகாகத்தான் பிறக்கும். பார்வைக்குப் பாங்கா மாதிரியே இருந்தாலும் இருக்கும். ஆனால் அந்தப் பெயர் அங்கேயே செத்துப்போச்சு. அதாவது, பெயருக்கு ஆதாரம் பாம்பின் உடம்பில் இல்லை. எங்கே பிடித்தது, யார் கை மாறியது, தாய் தகப்பன் எது என்று எழுதி வைத்த நோட்டில்தான் இருக்கிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஜூனில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு விட்டது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தானாக முன்வந்து சொன்னால் காகிதம் எதுவும் கேட்க மாட்டோம் என்று. வருமான வரியில் 1997இல் வந்த திட்டம் ஞாபகம் வருகிறதா? அதே கதை. பிறகு 2022இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. வைத்திருப்பது, கைமாற்றுவது, குட்டி போடுவது, சாவது எல்லாம் தெரிவிக்க வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் ஆரம்ப இருப்பே ரசீது இல்லாமல் ஏற்றப்பட்டது. அதன் மேல் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதினாலும் முதல் வரி காலிதான். 2023 ஜனவரியில்கூட, பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் மலைப்பாம்புகள் இருந்தன. அப்படி வந்து, பிடிபடாமல் தப்பிய ஒன்றை 'இங்கேயே பிறந்த குட்டி' என்று விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறது. குடவோலையை மட்டும் பேசுகிறோம். அதிலேயே இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவன் நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது. கணக்கு வராத இடத்தில் நம்பிக்கையும் கிடையாது, அவ்வளவுதான்.

பாம்புக்கு அப்படிக் கணக்கு வைக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். முன்பு இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது, பிழைப்பும் நின்றது. 1978இல் கூட்டுறவுச் சங்கம் வைத்து விஷம் எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்த பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி சிக்கினால் உடனே தெரிந்துவிடும். கணினி இல்லை, செயலி இல்லை, பாம்பே பதிவேடு. அந்த மக்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். வளர்ப்பு வியாபாரத்தின் வழியாக வந்து காட்டில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகள் அவை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

வகுப்பில் சிலர் செல்போனில் பாம்புப் படம் காட்டி 'எவ்வளவுடா இருக்கும்?' என்கிறார்கள். மச்சான், விலையை அப்புறம் கேள். முதலில் முதல் வரியைக் காட்டச் சொல். காட்ட முடியவில்லை என்றால், நீ வாங்குவது அரிய வகை இல்லை... யாரோ சொன்ன ஒரு பெயர், அவ்வளவே.