கணத்தினும் குறுகிய கணம்

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்ததும் காற்றாலைகள் விழித்தெழுகின்றன. விரைந்து சுழலும் இறக்கையையும் ஒளிப்படக் கருவி அசையாமல் நிறுத்திக் காட்டிவிடும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே அதற்குப் போதும். ஆனால், அணுக்களின் அசைவை நிறுத்திக் காண ஃபெம்டோநொடி வேண்டும். நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு அது. மூலக்கூறுகளின் பிணைப்பு முறியும் கணத்தை அத்தகைய லேசர்த் துடிப்புகளால் கண்டறிந்த எகிப்தியர் அகமது செவாயில் 1999இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவில் இத்துறையை வளர்த்தவர்களுள் ஒருவர் ஜி. இரவீந்திர குமார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

அவருடைய குழுவினர் வலிமைமிக்க லேசர்த் துடிப்பொன்றைத் திண்மப் பொருளின்மீது பாய்ச்சினர். பொருள் நொடிப்பொழுதுக்குள் பிளாஸ்மாவாயிற்று. அங்கு நிகழ்ந்ததை அறிய, சற்றே பிந்தி வரும் இரண்டாம் துடிப்பு தேவைப்பட்டது. அத்தாமதத்தை அளக்கச் சாதாரணக் கடிகாரம் உதவாது. ஆகவே ஆடியை நகர்த்தி ஒளியின் பாதையை நீட்டுவர், 0.3 மில்லிமீட்டர் நீண்டால் 1000 ஃபெம்டோநொடி தாமதம் கிட்டும்.

2002இல் வெளிவந்த முடிவு வியப்பூட்டியது. 2.7 கோடி காஸ் வலிமையுள்ள காந்தப்புலம் தோன்றி, சுமார் 6000 ஃபெம்டோநொடிகளில் மறைந்தது. புவியின் காந்தப்புலமோ ஏறத்தாழ அரை காஸ்தான். பின்னர், அப்புலம் கொந்தளிக்கும் நீர்போல் அலைவுறுவதையும் அக்குழு கண்டறிந்தது. 2003இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 2015இல் இன்ஃபோசிஸ் பரிசும் அவரை வந்தடைந்தன.

கண்ணிமைப்பதற்குள் மறையும் ஒன்றை அறிவதால் பயன் என்ன? விண்மீன்களைப்போல் அணுக்களை இணைத்து ஆற்றல் பெற அறிவியலார் முயல்கின்றனர். லேசர்வழி அதனை எய்த, விரைந்தோடும் எலக்ட்ரான்கள் ஆற்றலை எங்குச் சேர்க்கின்றன என்பதை அறிதல் வேண்டும். அவற்றின் வழியை நெறிப்படுத்துவதும் சிதறடிப்பதும் இக்காந்தப்புலமே.

காற்று ஓய்ந்தால் ஆரல்வாய்மொழியின் இறக்கைகளும் ஓய்கின்றன. ஓயாத ஆற்றலைத் தேடும் மானுடத்தின் நெடும்பயணம், இக்குறுங்கணத்தைப் புரிந்துகொள்வதையும் சார்ந்துள்ளது. அப்பயணத்தின் அடுத்த அடியை எடுத்து வைப்பவர், இன்று நாஞ்சில் நாட்டு வகுப்பறையொன்றில் இயற்பியல் பயிலும் மாணவராகவும் இருக்கலாம்.