தோட்டம் என்னும் ஊர்

ஜொகூர் மாநிலத்துத் தமிழ் முதியவர் ஒருவரிடம், “உங்களுக்கு எந்த ஊருங்க ஐயா?” என வினவினால், கூலாய் என்றோ குளுவாங் என்றோ உடனே விடை வருவதில்லை. முதலில் வருவது ஒரு தோட்டத்தின் பெயர். பட்டணத்தின் பெயர் அதன்பின் அடையாளத்திற்காகச் சேர்க்கப்படும். அவர் பிறந்த லயமும், அவருடைய தாய் அவரை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகையும், மாரியம்மன் கோயிலும், பள்ளியும் அங்கேதான் இருந்தன. ஆகவே அது ஊர். ஆனால், அவ்வூரில் குடியிருந்தோர் எவருக்கும் அங்கு ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. மலேசியத் தமிழரின் குடிவரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய முரண் இதுவாகும்.

ஜொகூரில் முதலில் காடழித்தவர் தமிழரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனர், ஆற்றங்கரைதோறும் ‘காங்கார்’ எனப்பட்ட குடியிருப்புகளை அமைத்தனர். மகாராசாவாகவும் பின்னர் சுல்தானாகவும் விளங்கிய அபுபக்கர் காலத்தில் அம்முறை செழித்தது. 1917இல் அது சட்டத்தால் நீக்கப்பட்டது. எனினும் காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் எனும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பயிர் மறைந்த பின்னும் அவற்றின் பெயர் பிழைத்துள்ளமை குறிக்கத்தக்கது.

தமிழர் வருகை இரயிலோடும் இரப்பரோடும் பிணைந்தது. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவெய்தியது. அடுத்த ஆண்டே இரப்பர் விலை வானளாவ ஏறிற்று. செகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என நிலையங்கள் நின்ற இடமெல்லாம் இருபுறமும் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தத்தம் சொந்தக் கிராமங்களுக்குச் சென்று, உற்றார் உறவினரையே ஆளாகச் சேர்த்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றினர். இதனால் ஒரே சிற்றூரைச் சேர்ந்தோர் ஒரே லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்த நிலை உண்டாயிற்று. கங்காணி முறையில் கொடுமைகள் பல உண்டு. ஆயினும் உறவுமுறையும் குலதெய்வமும் கடல் கடந்தும் சிதையாதிருந்தமைக்கு அதுவே காரணமுமாயிற்று.

மக்கள்தொகைக் கணக்கு இவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறது. 1911இல் ஏறத்தாழ 180,000 ஆக இருந்த ஜொகூரின் மக்கள்தொகை, 1931இல் 505,000ஐ எட்டியது. அவ்வாண்டில் இந்தியர் ஏறத்தாழ 51,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆனால், அக்காலத்து மலாயா முழுவதிலும் 1,000 இந்திய ஆண்களுக்கு 500க்கும் குறைவான பெண்களே இருந்தனர். அஃதாவது, பலருக்குத் தோட்டம் இன்னும் ஊராகவில்லை, பிழைப்பிடமாகவே இருந்தது.

அது ஊராகி வந்த வேளையில்தான் அடிகள் விழுந்தன. 1930களின் தொடக்கத்தில் நேர்ந்த விலை வீழ்ச்சியால் பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. பின்னர் வந்தது சப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து ஆடவர் திரள்திரளாகச் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் எத்தனை பேர் எனப் பெயர் பெயராகக் கணக்கெடுத்த ஏடு எதுவுமில்லை. 1931இல் 6 இலட்சத்திற்கு மேலிருந்த மலாயா இந்தியர் தொகை, 1947இல் 6 இலட்சத்திற்குக் கீழே இறங்கியது. பதினாறு ஆண்டுகளில் ஒரு சமூகம் வளராது குறைந்தது. இப்பாடத்தை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர், இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுவாராயின் விரிவுரை வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின்னர்த் துண்டாடலில் சில தோட்டங்கள் கைமாறின. 1969ஐ அடுத்து வேலை அனுமதிச் சிக்கலால் குடியுரிமையற்ற பலர் நாடு திரும்பினர். கித்தா மரங்கள் வீழ்ந்த இடத்தில் செம்பனை எழுந்தது; செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும். இங்கே ஒரு சிறு வண்டையும் குறிப்பிட வேண்டும். செம்பனையின் பெண் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலை தோட்டத்துப் பெண்களுக்குக் கூலி தந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கமரூனிலிருந்து கொணரப்பட்ட வண்டுகள் 1981இல் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் விடப்பட்டன. அவை அவ்வேலையைக் கூலியின்றிச் செய்து முடித்தன. விளைச்சல் உயர்ந்ததைப் பெருமையாக எழுதிய ஏடுகள் பல. அன்று கூலியிழந்த பெண்களைப் பற்றி எழுதியவை சிலவே.

பின்னர் நகரமே தோட்டத்தைத் தேடி வந்தது. மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் இன்று ஜொகூர் பாருவின் பரபரப்பான குடியிருப்பும் கடைத்தெருவுமாகும். இஸ்கூடாயை அடுத்த ரினி தோட்டம் முத்தியாரா ரினி எனும் வீடமைப்புப் பகுதியாயிற்று. லயங்கள் போயின, பெரட்டுக்களம் போயிற்று. ஆயினும் அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘லாடாங் ரினி’ என்பது நிலைத்துள்ளது. ஜொகூரின் 70 தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் பெயரில் இந்த ‘லாடாங்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில பெற்றோர் அதனைச் சிறுமையெனக் கருதி, நீக்கிவிட்டால் என்ன என்கின்றனர். காங்கார் எனும் சொல்லைச் சிறுமையென எவரும் நீக்கவில்லை.

பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் கறையான் தின்னாமல் எஞ்சியிருப்பின், அவையே இவ்வூர்களின் குடிக்கணக்கு எனலாம். பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள். தொழில் எனும் கட்டத்தில் பக்கம் பக்கமாகப் பால்மரம் வெட்டுதலே இருக்கும். இடையிடையே ஒரு கிராணி, ஒரு மண்டோர். இன்றைய பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் லாரி ஓட்டுநரும், ஆலைத் தொழிலாளியும், பாதுகாவலரும் உள்ளனர். சிங்கப்பூரில் வேலை என்போரும் பலர். அவர்கள் பாலத்தைக் கடப்பதற்காக வீட்டை விட்டுப் புறப்படும் நேரம், தம் பாட்டனார் பெரட்டுக்கு எழுந்த நேரத்தினும் முந்தியது.