இரு முட்கள்
அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டு நிற்கிறது. ஊரார்க்கு நேரம் சொல்வது அதன் கடமை. காரோட்டிக்கு இயந்திரத்தின் நலம் சொல்வது முகப்புப் பலகையிலுள்ள மானிகளின் கடமை.

1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் காரில், ஒரே வட்டத்தினுள் இரண்டு முட்கள் இருந்தன. ஒன்று எண்ணெயின் அழுத்தத்தையும், மற்றொன்று நீரின் வெப்பத்தையும் காட்டும். பழைய கார்களைப் புதுப்பிப்போர் இத்தகைய இணைமானிகளைத் தாமே செய்வதும் உண்டு.

வட்டத்தில் எண்களை அழகுற எழுதுதல் எளிது. முள்ளை மெய் சொல்ல வைத்தலே அரிது. வெப்பம் உணரும் குமிழைக் கொதிநீரில் இட்டுச் சோதிப்பர். அபர்டீன் போன்ற கடலோரத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அவ்வெண்ணில் நில்லாத முள்ளைத் திருத்துவர்.

மணிக்கூண்டு பொய்த்தால் பேருந்து தவறும்; அடுத்தது வரும். மானி பொய்த்தால், ஓட்டுவோர் அறியாமலே இயந்திரம் சூடேறி இறுகிவிடும்.