புரட்டாசியில நிக்கிற குளிர் வண்டி

புரட்டாசி பொறந்தா கறிக்கடைக்காரருக்கு வியாபாரம் கொறையும்னு உங்களுக்குத் தெரியும். அதே மாசம் இன்னொருத்தருக்கும் கையைக் கடிக்கும். உறைஞ்ச கோழிக்கறி ஏத்துற ரீஃபர் வண்டி வெச்சிருக்கறவருக்குத்தான். எங்க அக்கா பையன் அந்தத் தொழில் பண்றான். பழைய வண்டி ஒண்ணைக் கடன்ல வாங்கி மூணு வருசமாச்சு. அவங்க ஊட்டு முன்னால சந்து, வண்டி திருப்ப எடமில்லை. அதனால வேலையில்லாத நாள்ல எங்க களத்துல, வேப்பமரத்துக்குக் கீழதான் நிக்கும்.

பல்லடம், உடுமலைப் பக்கம் ஒருதரம் வந்திருந்தீங்கன்னா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கோழிப் பண்ணை பார்த்திருப்பீங்க. கறிக்கோழிக்குப் பண்ணை விலை சொல்றதே பல்லடத்துல இருக்கற ஒருங்கிணைப்புக் குழுதான். இங்கிருந்து போற கோழியில பெரும்பகுதி உயிரோட கூண்டு வண்டியில போகுது. சுத்தம் பண்ணி உறைய வெச்சுப் பெட்டி போட்டு அனுப்பறது கொஞ்சந்தான். அது மைனஸ் 18 டிகிரியிலயே போய்ச் சேரணும். கேரளாவுக்குப் புரட்டாசி கிடையாதே, அங்க ஓட்டலாமேன்னு கேப்பீங்க. அந்த லோடெல்லாம் பத்து இருபது வண்டி வெச்சிருக்கறவங்களுக்குப் போயிரும். ஒத்தை வண்டிக்காரனுக்கு ஒரு மாசம் ஓய்வுதான். பேங்க் டியூவுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

இந்த வண்டிக்கு ரெண்டு இன்ஜின் இருக்குதுங்க. சின்ன வண்டிகள்ல லாரி இன்ஜின்லயே பெல்ட் மாட்டிக் கம்ப்ரசரை ஓட்டிருவாங்க. இவனோடது பெருசு. கேபினுக்கு மேல, பெட்டியோட நெத்தியில தனியா ஒரு சின்ன டீசல் இன்ஜின், அதுக்குன்னு தனி பேட்டரி. யூனிட்டுன்னு சொல்லுவாங்க. லாரி நின்னாலும் அது பாட்டுக்கு ஓடிக் குளிரைக் காப்பாத்தும். சிக்கலும் அங்கதான். களத்துல கடலை காயப் போடணும்னா லாரியை முன்ன பின்ன நகர்த்துவோம், அதனால கீழ இருக்கற இன்ஜினுக்குக் கவனிப்பு கிடைச்சிரும். மேல இருக்கறதை யாரும் நெனைக்க மாட்டாங்க.

இந்த யூனிட்டை மொதல்ல செஞ்சது அமெரிக்காவுல பிரெடரிக் ஜோன்ஸ்னு ஒரு கறுப்பினத்துக்காரர். 1930களோட கடைசியில. அதுவரைக்கும் ஐஸ் கட்டியை அடுக்கித்தான் லாரி ஓட்டியிருக்காங்க. ஒரு லாரி முதலாளியோட கோழிக்கறி லோடு வழியில ஐஸ் கரைஞ்சு கெட்டுப்போக, அவர் புலம்பினதுல இருந்துதான் வேலை ஆரம்பிச்சதுன்னு கதை சொல்றாங்க. ஜோன்ஸ் படிச்சது ஆறாவது வரைக்குந்தான். மெக்கானிக் வேலையைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டவர். அவர் கூட்டுச் சேர்ந்த கம்பெனிதான் பின்னால தெர்மோ கிங் ஆச்சு.

நான் புரட்டாசி முதல் சனிக்கிழமை யூனிட்டை ஸ்டார்ட் பண்ணுடான்னு சொன்னப்ப, "சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க மாமா டீசலு?"ன்னு கேட்டான். கேக்கறது நியாயந்தான். வருமானம் இல்லாத மாசத்துல ஒவ்வொரு லிட்டரும் கணக்கு.

எங்க கெணத்துமேட்டுல முன்ன ஆயில் இன்ஜின் இருந்துச்சு. எங்கய்யன் கவலை இறைச்ச காலத்துக்கு அப்புறம் வாங்கினது. கரண்ட் மோட்டார் வந்த பின்னாலயும் அதை எடுக்கல. ஆனா வாரம் ஒருதரம் ஓட்டுவார். 2012-ல நாளைக்குப் பத்து பன்னெண்டு மணி நேரம் கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்குங்களா? அப்ப வாழைக்குத் தண்ணி விட்டது அந்த இன்ஜின்தான். பக்கத்துத் தோட்டங்கள்ல துருப்புடிச்சு இறுகிப்போய்க் கெடந்த இன்ஜின் எத்தனையோ.

யூனிட்டுல இன்னும் மோசம். நிறுத்தி வெச்சிருந்தாலும் கன்ட்ரோலரும் ஜிபிஎஸ்ஸும் பேட்டரியில இருந்து துளித்துளியா உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தோம். ரெண்டே வாரம் நின்ன வண்டி, 12.1 வோல்ட்டு. நல்லா ஏறின பேட்டரின்னா 12.6 காட்டணும். இப்படியே இறங்கிக் கெடந்தா தகட்டுல உப்புப் படிஞ்சு, அப்புறம் எத்தனை சார்ஜ் போட்டாலும் புடிக்காது. அவன் ஒண்ணும் பேசாம மேல ஏறினான்.

அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்தறதுல புண்ணியமில்லை, ஸ்டார்ட் பண்றதுக்குச் செலவான கரண்ட்டே திரும்ப ஏறாது. கதவைச் சாத்தி, மைனஸ் 18-ல செட் பண்ணி, கம்ப்ரசர் லோடு புடிக்கற மாதிரி முக்கா மணி நேரம் ஓடணும். கம்ப்ரசர் சுத்தினாத்தான் உள்ள இருக்கற ஆயில் சீல் வரைக்கும் போய் நனைக்கும். சீல் காய்ஞ்சா கேஸ் மெதுவா வெளியேறிரும், வெளிய பார்த்தா ஒண்ணுந் தெரியாது. டீசல் டேங்க்கைப் பாதியில விடக்கூடாது. ராத்திரிக் குளிருக்கு உள்ள வேர்த்துத் தண்ணி சேரும். ஓட்டி முடிச்சதும் பெட்டிக் கதவைத் திறந்து ஆறவிட்டு வெச்சாத்தான் பூசணம் புடிக்காது. அப்புறம் எலி. கடலை காயற களத்துல எலிக்குக் கேக்கணுமா, ஒயரைக் கடிச்சு வெச்சிருந்துச்சு. பெட்டித் தண்ணி வெளிய போற ரப்பர் குழாய்ல குளவி மண் வெச்சு அடைச்சிருந்துச்சு, குச்சி விட்டு எடுத்தோம்.

2025 புரட்டாசியில நாலு சனிக்கிழமை. காலையில காரமடைக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுட்டு வந்து, பத்து மணிக்கு யூனிட்டு. மணிக்கு ரெண்டு லிட்டர் சொச்சம் குடிக்கும். மாசத்துக்கு மொத்தம் ஆறேழு லிட்டர், அறுநூறு ரூபாய் ஆயிருக்கும்.

அதுக்கு முந்தின வருசம் எங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் அந்த அறுநூறு ரூபாயை மிச்சம் பண்ணினார். தீபாவளி லோடுக்குக் கம்பெனி வாசல்ல போய் நின்னப்ப யூனிட் செல்ஃப் எடுக்கல. லாரி பேட்டரியில இருந்து ஒயர் போட்டு எழுப்பினாங்க. ஓடுச்சு, ஆனா பெட்டி பத்து டிகிரிக்குக் கீழ இறங்கல. கேஸ் போயிருச்சு. ஏத்தறதுக்கு முன்னால பெட்டிக் குளிரைக் கம்பி விட்டுப் பார்ப்பாங்க, அதனால ஏமாத்தவும் முடியாது. லோடு வேற வண்டிக்குப் போச்சு. அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி அவரைக் கூப்பிடவே இல்லை. தை மாசம் வண்டியை வித்துட்டார். கம்பெனி மேலயும் தப்புச் சொல்ல முடியாது, உருகின கறியைத் திரும்ப உறைய வெச்சு விக்க முடியுங்களா?

2025-ல புரட்டாசி முடிஞ்ச ரெண்டு மூணு நாள்லயே அக்டோபர் 20 தீபாவளி வந்துருச்சு. இடைவெளியே இல்லை. பதினாறாந்தேதி சாயங்காலம் சென்னை லோடுக்குப் போன் வந்துச்சு. யூனிட் ஒரே செல்ஃப்ல எடுத்துக்கிச்சு. ஒன்னரை மணி நேரம் வெறும் பெட்டியைக் குளிர வெச்சுட்டுக் கெளம்பினான். அக்கா ராத்திரி முழுக்கத் தூங்கலை. விடியக்காலம் போன் பண்ணி, "மைனஸ் 18 நிக்குதுங்க மாமா, அம்மாகிட்டச் சொல்லிருங்க"ன்னான். அந்த வாடகையில ரெண்டு மாச டியூ கட்டினான்.

பேட்டரிக்குத் தனியா ஒரு சுவிட்ச் மாட்டியிருக்கான் இப்ப, நிறுத்தினதும் ஆஃப் பண்ணிரலாம். கார்த்திகை பொறந்தா ஐயப்பனுக்கு மாலை போடற சீசன், மறுபடியும் கறி ஓட்டம் கொறையும். சனிக்கிழமை பத்து மணிக்கு எங்க ஊட்டுக்குப் போன் பண்ணீங்கன்னா யூனிட் சத்தத்துல ஒண்ணுங் கேக்காது, பதினோரு மணிக்கு மேல கூப்பிடுங்க.