தண்ணீரில் இறங்கும் முன்

1837 ஜூலை 30. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ரிப்பிள் ஆற்றை நோக்கி ஆட்கள் ஓடினார்கள். ஹீபர் கிம்பல் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த மார்மன் சபை மிஷனரிகள் அந்த ஊரில் கால்வைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒன்பது பேர் ஞானஸ்நானத்துக்குத் தயார். யார் முதலில் என்பதற்குத்தான் அந்த ஓட்டம். முந்தியவர் ஜார்ஜ் வாட். பிரிட்டனில் ஞானஸ்நானம் பெற்ற முதல் மார்மன் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. பின்னாளில் அவர் யூட்டாவுக்குக் குடிபெயர்ந்து, சபைத் தலைவர் பிரிகாம் யங்கின் பிரசங்கங்களைச் சுருக்கெழுத்தில் பதிவுசெய்தார். 1870களில் அதே சபை அவரை விலக்கியும் வைத்தது.

இந்தக் கதையின் முன்பாதியைச் சொல்லும்போது இளம் மிஷனரிகளுக்கு உற்சாகம் பிறக்கும். பின்பாதி அவர்கள் காதில் அதிகம் விழுவதில்லை. ஆனால் ஒருவரை ஞானஸ்நானத்துக்குத் தயார்செய்யும் வேலையில் இறங்கியவருக்கு அந்தப் பின்பாதிதான் உதவும். தண்ணீர்வரை ஒருவரைக் கூட்டிவருவதை அரை வேலையாகத்தான் கணக்கிட வேண்டும்.

அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயதுக்காரர்கள். ஆண்கள் இரண்டு ஆண்டுகள், பெண்கள் 18 மாதங்கள். சம்பளம் கிடையாது. கறுப்புப் பெயர்ப்பட்டை, எந்நேரமும் கூடவே ஒரு துணை. கற்பிக்க வேண்டியதற்கெல்லாம் வழிகாட்டி நூல் இருக்கிறது. 2004இல் வந்தது, 2023இல் திருத்தப்பட்டது. ஜோசப் ஸ்மித் வழியாகச் சபை மீட்டெடுக்கப்பட்ட வரலாறு, மரணத்துக்குப் பின்னும் நீளும் இரட்சிப்பின் திட்டம், கிறிஸ்துவின் சுவிசேஷம் என்று பாடங்கள் போகும். பாடம் சொல்வதைச் சில மாதங்களில் பழகிவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையாட்டுவது சம்மதத்தாலா, மரியாதைக்காகவா என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபத்தில் கைவராது.

பிரஸ்டன் பக்கம் ஐம்பதைத் தாண்டிய ஒரு விதவையை எடுத்துக்கொள்வோம். மிஷனரிப் பையன்களைப் பிடித்துவிட்டது, வாரம் இருமுறை வரச் சொல்கிறார், பாடம் கேட்கிறார். மிஷனரி ஒரு தேதி சொல்கிறார். ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிப்பது அவர்களுடைய முக்கியமான கருவி. தேதி இருந்தால் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தைப் படிப்பது, தனியே ஜெபிப்பது, ஞாயிறு ஆராதனைக்கு வருவது எல்லாவற்றுக்கும் ஒரு வேகம் கிடைக்கும். ஆனால் அந்தத் தேதி யாருக்காக? மிஷனரியின் வார அறிக்கைக்காகவா, அந்த அம்மாளுக்காகவா? அனுபவப்பட்டவர்கள் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொள்வார்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்திலேயே சாட்சி உண்டு. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் மிஷனரிகள் அங்கே பேஸ்பால் குழுக்கள் அமைத்துச் சிறுவர்களைச் சேர்த்தார்கள். விளையாட வந்த பையன்களுக்கு ஞானஸ்நானமும் நடந்தது. பலருக்கு அது குழுவில் சேரும் சடங்கு மாதிரிதான். பேரேட்டில் எண்ணிக்கை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை இருக்கைகள் காலியாகவே கிடந்தன. ‘பேஸ்பால் ஞானஸ்நானம்’ என்ற பெயரில் அந்தக் காலம் இன்றும் சபைக்குள் சங்கடத்தோடு பேசப்படுகிறது.

அந்த அம்மாளிடம் திரும்புவோம். மார்மன் கோட்பாடுகளில் பாதிக்குத் தலையாட்டிவிட்டவர் ‘ஞான வார்த்தை’ வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். 1833இல் ஒஹையோவின் கர்ட்லண்டில் ஜோசப் ஸ்மித் அறிவித்த ஆரோக்கிய விதி அது. மது, புகையிலை, காபி கூடாது. தேநீரும் கூடாது. பிரஸ்டன் இருக்கும் லங்காஷயரில் தேநீரை மறுப்பது லேசான காரியமா? துக்கம் கேட்க வந்தாலும் தேநீர், குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும் தேநீர். பக்கத்து வீட்டுக்காரி நீட்டும் கோப்பையை வேண்டாம் என்று சொன்னால், ஏதோ மனஸ்தாபம் என்றுதான் அவள் நினைப்பாள்.

இங்கே பாடம் எடுப்பதால் பயனில்லை. நல்ல மிஷனரி பேச்சை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குள் நடப்பார். காலையில் முதல் கோப்பை எத்தனை மணிக்கு? அந்த நேரத்தில் வேறென்ன குடிக்கலாம்? மூலிகை பானங்களுக்குத் தடையில்லை, சூடான சாக்லேட்டுக்கும் தடையில்லை. தேயிலை டப்பாவை வீட்டில் வைப்பதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா? தினமும் ஒரு போன், ‘நேற்று எப்படிப் போனது’ என்று. ‘மத்தியானம் ஒரு கோப்பை குடித்துவிட்டேன்’ என்று அவர் உண்மையைச் சொல்கிற அளவுக்குப் பழக்கம் வந்திருந்தால், தயாரிப்பு சரியாகப் போகிறது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் ‘பிரமாதம்’ என்று பதில் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது நேர்காணல். கற்பித்தவர் இதை நடத்தக் கூடாது; பக்கத்து வட்டாரங்களுக்குப் பொறுப்பான வேறொரு மிஷனரி வருவார். கதவு சாத்தப்படும். கற்பித்த இருவரும், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் தகப்பன்களைப் போல் வராந்தாவில் நிற்பார்கள். கடவுளையும் கிறிஸ்துவையும் விசுவாசிக்கிறீர்களா, ஜோசப் ஸ்மித்தைத் தீர்க்கதரிசியாக ஏற்கிறீர்களா, மனந்திரும்புதல் என்றால் என்ன, கற்பு நெறிப்படி வாழச் சம்மதமா, வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகத் தருவீர்களா? விடைகளை முன்கூட்டியே உருப்போட வைக்கும் ஆசை புதியவர்களுக்கு வரும். அப்படி வைத்தால் அடுத்த கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். ‘இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம்’ என்று பேட்டி கண்டவர் சொன்னால் தேதி தள்ளிப்போகும். தள்ளிப்போன தேதியை அந்த அம்மாள் அவமானமாக நினைக்காதபடி பார்த்துக்கொள்வது கற்பித்தவர்களின் பொறுப்பு.

சடங்குக்கு முன்னால் தரையிலேயே ஒத்திகை. ஞானஸ்நானத் தொட்டிக்குள் கண்ணாடியைக் கழற்றியவருக்குப் படி தெரியாது, பதற்றத்தில் காதும் கேட்காது. மிஷனரியின் இடது கை அவருடைய வலது மணிக்கட்டைப் பிடிக்கும். அவருடைய இடது கை மிஷனரியின் இடது மணிக்கட்டைப் பற்றும். ஜெபம் முடிந்ததும் வலது கையால் மூக்கைப் பொத்த வேண்டும். மிஷனரியின் வலது கை முதுகின் மேற்புறத்துக்குப் போகும். முழங்காலை மடக்கச் சொல்வதுதான் முக்கியம். விறைத்து நின்றால் பின்னால் சாயும்போது கால் கிளம்பிவிடும். ஜெபத்தின் வார்த்தைகள் ஒன்றும் மாறக் கூடாது. கூந்தல், ஆடை உட்பட எதுவும் தண்ணீருக்கு மேலே தெரியக் கூடாது. இரண்டு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டைவிரல் வெளியே எட்டிப்பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. 2019இலிருந்து பெண்களும், ஞானஸ்நானம் பெற்ற சிறுவர்களும்கூடச் சாட்சி நிற்கலாம். சிறுவர்களின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தொட்டி நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். குழாயைத் திறக்க மறந்தால் விருந்தினர்கள் வந்த பிறகும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நிற்கும். வெள்ளை உடை அளவு பொருந்துமா, துவாலை எடுத்தாயிற்றா என்பதெல்லாம் பட்டியலில் இருக்கும். ஆனால் கைதேர்ந்தவர்களின் பட்டியலில் மேலே இருப்பது வேறு: அந்த அம்மாளுக்குத் துவாலை நீட்டப்போவது யார்? அது அந்த ஊர்ச் சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். ஏனென்றால் மிஷனரிகளுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரலாம். பாடம் தொடங்கியவர் ஞானஸ்நானத்துக்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விடுவதும் சாதாரணம். பையன்களை நம்பி வந்தவர், பையன்கள் போனதும் போய்விடுவார். அதனால்தான் பாடங்கள் நடக்கும்போதே உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போய் உட்காரவைக்கிறார்கள். பேச்சை அவரிடம் விட்டுவிட்டு மிஷனரி சும்மா இருக்கப் பழகுவதற்கு நாளாகும்.

ஞானஸ்நானத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தலைமேல் கைகளை வைத்து, பரிசுத்த ஆவியின் வரம் பெறும்படி ஆசீர்வதிப்பார்கள். அதன்பின் அவருக்கும் வேலை வந்துவிடுகிறது. பிரஸ்டன் பெயரைத் தாங்கிய கோயில் 1998இலிருந்து பக்கத்துச் சார்லி ஊரில் இருக்கிறது. ஊர்ச் சபையின் ஆயர் தரும் அனுமதிச் சீட்டு கிடைத்தால், இறந்துபோன முன்னோர்களுக்குப் பதிலாக அங்கே அவரே மறுபடி தண்ணீரில் இறங்கலாம். பாட்டியின் பெயர், பிறந்த ஆண்டு, திருமணமான ஊர் எல்லாம் தேட வேண்டும். பழைய பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு உள்ளூர் உறுப்பினர் ஒருவர் அவரோடு உட்காருகிறார். அந்த மேஜையில் மிஷனரிகளுக்கு நாற்காலி தேவைப்படாவிட்டால், அவர்கள் பார்த்த வேலை பழுதில்லை.